தேய்த்துப் பெறும் ஒளி

திருச்செந்தூர்க் கடற்கரையை ஒட்டிய ஊர்களில் வீடு பெருக்குவது ஒரு பொழுதோடு முடிந்துவிடும் வேலை அன்று. காலையில் பெருக்கித் துடைத்த தளத்தில் நண்பகலுக்குள் மீண்டும் மணல் நெறுநெறுக்கும். ஆலந்தலை, அமலி நகர், வீரபாண்டியன்பட்டணம், தெற்கே மணப்பாடு என எங்கு சென்றாலும் கடற்காற்று மணலைச் சுமந்து வருகிறது. ஆடி மாதத்து மேல்காற்றோ குதிரைமொழித் தேரியின் செம்மணலை வாசல்வரை கொண்டுவந்து சேர்க்கிறது. கதவை அடைத்தாலும் காலோடு ஒட்டிக்கொண்டு உள்ளே வந்துவிடும் இந்த மணலோடுதான் நம் வீட்டுத் தளங்கள் வாழ்ந்தாக வேண்டும்.

நம் பெற்றோர் காலத்து வீடுகளில் சிமெண்டுத் தரையும் காவித் தரையும் இருந்தன. பின்னர் கடப்பாக் கல் வந்தது. கோட்டாக் கல் வந்தது. கப்பலிலும் வளைகுடா நாடுகளிலும் உழைத்த பிள்ளைகள் அனுப்பிய பணத்தில் பளிங்குத் தளம் இட்ட வீடுகளும் எழுந்தன. அன்று முகம் பார்க்கும்படி மின்னிய அத்தளங்கள் இருபது, முப்பது ஆண்டுகளுக்குப் பின் இன்று மங்கிக் கிடக்கின்றன. வீட்டில் ஒரு திருமணமோ, ஊர்த் திருவிழாவோ நெருங்கும்போது குடும்பத்தில் பேச்சு எழுகிறது. பழைய கல்லைப் பெயர்த்துவிட்டு டைல்ஸ் பதிப்பதா? ஆள் வைத்துப் பாலீஷ் போட்டு மீட்பதா? அப்படியே விட்டுவிடுவதா?

இது பணத்தைப் பற்றிய பேச்சாக மட்டுமே தோன்றும். ஆயினும் அதனுள்ளே ஓர் அறக்கேள்வி மறைந்திருக்கிறது. மங்கியதை மீட்பது நல்லதுதான். ஆனால் மீட்பு எதனால் நிகழ்கிறது? அதற்காக எது இழக்கப்படுகிறது? அந்த இழப்பைச் சுமப்பவர் யார்? இக்கேள்விகளைச் சற்று நிதானமாக எண்ணிப் பார்ப்பது நமக்குப் பயன் தரும்.

மங்கல் என்பது என்ன?

மங்கிய கல் ஒளியை இழந்துவிட்டது என்று சொல்கிறோம். உண்மையில் கல்லுக்கென்று சொந்த ஒளி கிடையாது. சன்னல் வழியே வரும் வெளிச்சத்தை அது திருப்பி அனுப்புகிறது, அவ்வளவுதான். மேற்பரப்பு மிகச் சமமாக இருந்தால் வெளிச்சம் ஒரே திசையில் திரும்புகிறது. அதைப் பளபளப்பு என்கிறோம். மேற்பரப்பில் எண்ணற்ற நுண்கீறல்கள் இருந்தால் அதே வெளிச்சம் எல்லாத் திசைகளிலும் சிதறிப் போகிறது. அதை மங்கல் என்கிறோம். கண்ணுக்குப் புலனாகும் ஒளியின் அலைநீளம் ஏறத்தாழ 0.4 முதல் 0.7 மைக்ரான் வரை; ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. கல்லின் மேடுபள்ளங்கள் இந்த அளவினும் மிகச் சிறியனவாக இருந்தால்தான் தளம் கண்ணாடிபோல் காட்டும். மங்கிய கல் வெளிச்சத்தைப் பெறாமல் இல்லை; பெற்றதைச் சிதறவிடுகிறது.

இக்கீறல்களை இட்டது யார்? பெரும்பாலும் அந்த மணல்தான். ஜெர்மானியக் கனிமவியலாளர் ஃபிரெட்ரிக் மோஸ் 1812-ஆம் ஆண்டில் கனிமங்களின் கடினத்தை ஒன்று முதல் பத்து வரை வரிசைப்படுத்தினார். பளிங்குக்கும் கடப்பாக் கல்லுக்கும் அடிப்படையான கால்சைட் அவ்வரிசையில் 3-ஆம் இடத்தில் நிற்கிறது. மணலின் குவார்ட்ஸ் 7-ஆம் இடத்தில் நிற்கிறது. நம் கடற்கரை மணலில் கலந்திருக்கும் கார்னெட்டும் ஏறத்தாழ அதே கடினம் உடையது. ஆகவே மணல் ஒட்டிய காலோடு நாம் நடக்கும் ஒவ்வோர் அடியும் பளிங்கின்மீது ஒரு கீறல். நாற்காலியை ஒருமுறை இழுத்தால் ஒரு கோடு. ஒரு நாளில் எதுவும் தெரியாது. இருபது ஆண்டுகளில் எல்லாம் தெரியும்.

இதில் வியப்பான ஒன்று உண்டு. நம் கரையில் கிடைக்கும் கார்னெட் உலகெங்கும் தேய்ப்புப் பொருளாகவும் பயன்படுகிறது. உப்புத்தாளில் அது இருக்கிறது. நீர்ப்பாய்ச்சலோடு கலந்து கல்லையும் உலோகத்தையும் வெட்டும் கருவிகளில் இருக்கிறது. மங்கச் செய்வதும் உரசல். மின்னச் செய்வதும் உரசல். தாறுமாறாக உரசினால் அது சேதம். ஒழுங்காக, படிப்படியாக உரசினால் அது செப்பம்.

முதலில் பெருக்குதல்

தளம் மங்கியதும் உடனே தேய்ப்பு இயந்திரத்தைத் தேடுவது சரியன்று. பல வீடுகளில் மங்கலுக்குக் காரணம் கீறலே அன்று. ஆண்டுக்கணக்கில் படிந்த சோப்புப் படலமும், உப்புத் தண்ணீரின் படிவும், முன்பு யாரோ பூசிய மெழுகு மஞ்சளித்துப் போனதும்தான். நல்ல தண்ணீரும், காரமோ அமிலமோ இல்லாத மென்மையான சோப்பும், மெல்லிய துணியும், சிறிது பொறுமையும் இருந்தால் பாதி ஒளி திரும்பிவிடும்.

காணாமற்போன திராக்மாவைத் தேடிய பெண்ணை லூக்கா நற்செய்தியின் 15-ஆம் அதிகாரத்தில் காண்கிறோம். கப்பர்நாகும் அகழாய்வில் வெளிப்பட்ட எளியோர் வீடுகளின் தளங்கள் கரிய எரிமலைக் கற்களைப் பரப்பியவை. அவற்றின் இடுக்குகளில் ஒரு நாணயம் விழுந்தால் எளிதில் அகப்படாது. அந்தப் பெண் தளத்தைப் பெயர்க்கவில்லை. விளக்கை ஏற்றினாள், பெருக்கினாள், கிடைக்கும்வரை தேடினாள். இழந்ததை மீட்கும் வேலை எதுவாயினும் அது விளக்கோடும் துடைப்பத்தோடும் தொடங்குவதே முறை. என்ன குறை என்று காண்பதற்கு முன்னரே இடித்துத் திருத்தப் புறப்படுவது நம் இல்லங்களிலும் அன்பியங்களிலும் அன்றாடம் நிகழ்வதுதானே?

மற்றொரு வகை மங்கலும் உண்டு. எலுமிச்சைச் சாறோ, புளிக்கரைசலோ, வினிகரோ பளிங்கின்மீது சிந்தினால் அந்த இடம் வெளிறிப்போகிறது. அதைக் கறை என்று எண்ணிக் கழிவறை கழுவும் அமிலத்தை ஊற்றித் தேய்ப்பவர் பலர். ஆனால் அது கறை அன்று. அமிலம் பட்டுக் கல்லே கரைந்துபோன இடம். கால்சியம் கார்பனேட்டாலான கல், அமிலத்தில் நுரைத்துக் கரையும். கறையைப் போக்குவதாக எண்ணி ஊற்றும் ஒவ்வொரு துளியும் காயத்தை அகலமாக்குகிறது. கிரானைட்டுக்கு எலுமிச்சையால் இந்தக் கேடு நேர்வதில்லை. ஆகவே எந்தக் கல் என்று அறியாமல் வைத்தியம் செய்யலாகாது. ஒருவருக்கு மருந்தாகும் கண்டிப்பு மற்றொருவரைக் கரைத்துவிடும் என்பதைப் பிள்ளை வளர்ப்போர் அறிவர்.

இழந்து பெறுவது

கழுவியும் தீராத கீறல்களுக்குத் தேய்ப்பே வழி. அந்த வேலையைக் கூர்ந்து பார்த்திருக்கிறோமா? முதலில் முரட்டுக் கல். பின்னர் 120, 220, 400 என எண் ஏற ஏற மென்மையாகும் கற்கள். இன்று வைரத்துகள் பதித்த வட்டுகள் 800, 1500, 3000 என்ற எண்கள் வரை வந்துவிட்டன. ஒவ்வொரு கல்லும் தனக்கு முந்திய கல் இட்ட கீறலை அழித்து, அதனினும் நுண்ணிய கீறலை இடுகிறது. கடைசியில் மென்தூளைக் கொண்டு தேய்க்கும்போதுதான் முகம் தெரிகிறது. அவசரப்பட்டு இடையில் ஒரு படியைத் தாண்டினால் அந்நேரம் ஒன்றும் தெரியாது. எல்லாம் முடிந்து தளம் மின்னும்போதுதான் விடுபட்ட கீறல்கள் வட்ட வட்டமாக எழுந்து நிற்கும்.

இங்கே நாம் கவனிக்க வேண்டியது ஒன்று. தேய்ப்பவர் கல்லோடு எதையும் சேர்ப்பதில்லை; எடுக்கிறார். கீறல் எவ்வளவு ஆழமோ, அந்த ஆழம்வரை சுற்றியுள்ள நல்ல பரப்பும் இறங்கியாக வேண்டும். கீறலை மேலே தூக்க இயலாது. மற்றதெல்லாம் அதன் நிலைக்குத் தாழ்ந்து வருகிறது. தளத்திலிருந்து வழித்து எடுக்கும் சேறு, நேற்றுவரை நம் தளமாக இருந்த கல்லேதான். வீட்டுப் பளிங்குப் பலகையின் கனம் பொதுவாக இரண்டு சென்டிமீட்டர் அளவே. ஆகவே இந்த மீட்பை எண்ணற்ற முறை செய்ய இயலாது.

இழக்க மனமில்லாதவர்களுக்கு ஒரு குறுக்குவழி உண்டு: மேலே மெழுகையோ பளபளக்கும் பூச்சையோ தடவிவிடுவது. அன்றைக்கே மின்னும். விருந்தினர் வந்து போகும்வரை தாங்கும். பின்னர் அந்தப் பூச்சு அழுக்கைப் பிடித்துக்கொண்டு முன்னினும் மங்கலாகும். தேய்த்த ஒளி கல்லின் ஒளி. பூசிய ஒளி பூச்சின் ஒளி. மனமாற்றத்துக்கும் நல்லவர்போல் தோன்றுவதற்கும் உள்ள வேறுபாட்டை இதைவிடத் தெளிவாகக் காட்டும் உவமை நமக்கு அரிது. ஒன்றில் நாம் எதையேனும் இழக்கிறோம். மற்றொன்றில் எதையும் இழப்பதில்லை. இழப்பில்லாத திருத்தம் நிலைப்பதில்லை.

எல்லாக் கல்லும் மின்ன வேண்டுமா?

இவ்வளவு சொன்னபின் ஒரு தடையையும் எழுப்பியாக வேண்டும். பளபளப்பே கல்லின் சிறப்பு என்று யார் சொன்னது?

நம் தெருக்களில் முன்பெல்லாம் அம்மி கொத்துகிறவர் குரல் கொடுத்துக்கொண்டு வருவார். நாளும் அரைத்து அரைத்து வழவழப்பான அம்மி பயனற்றது. மிளகாய் அதன்மீது வழுக்கும். உளியால் புள்ளி புள்ளியாகக் கொத்தி அதைச் சொரசொரப்பாக்கினால்தான் அது மீண்டும் அம்மி. அங்கே வழவழப்பே பழுது, சொரசொரப்பே செப்பம். ஒரே கருங்கல் கூடத்தில் மின்ன வேண்டும்; அடுக்களையில் மின்னக்கூடாது. கல்லின் நன்மையை அதன் தோற்றம் முடிவு செய்வதில்லை. அதன் பணி முடிவு செய்கிறது.

மணற்கல்லோ எவ்வளவு தேய்த்தாலும் முகம் காட்டாது. மணிகள் ஒட்டிச் சேர்ந்த கல் அது. திருச்செந்தூர் முருகன் கோவிலின் பழைய கட்டுமானம் இத்தகைய கடலோர மணற்கல்லால் ஆனது. கல்லின் நுண்துளைகளில் புகுந்த உப்பு உலர்ந்து படிகமாகும்போது மணி மணியாக உதிர்த்துவிடும். அவ்வாறு அரித்துப்போன கோவிலைத் துறவியர் சிலர் ஒருவர்பின் ஒருவராக நின்று கருங்கல்லால் எடுத்துக் கட்ட, 1941-இல் குடமுழுக்கு நடந்தது. தேய்த்து மீட்க இயலாத நிலையும் உண்டு. அங்கே மாற்றுவதே மீட்பு என்பதற்கு நம் கண்முன் நிற்கும் சான்று அது.

தேய்மானமே செல்வமாகும் நிலையும் உண்டு. உரோமையில் புனித யோவான் லாத்தரன் பேராலயத்துக்கு அருகில் உள்ள திருப்படிக்கட்டில் 28 பளிங்குப் படிகள் உள்ளன. இயேசு பிலாத்துவின் முன் நிறுத்தப்பட்டபோது ஏறிய படிகள் என்பது மரபு. திருப்பயணிகளால் தேய்ந்துகொண்டே வந்த அப்படிகளைத் திருத்தந்தை 13-ஆம் இன்னொசென்ட் 1723-ஆம் ஆண்டில் மரப்பலகையால் மூடச் செய்தார். சீரமைப்பின்போது பலகை அகற்றப்பட்டு, 2019 ஏப்ரல் முதல் சூன்வரை ஏறத்தாழ இரு மாதங்கள் மக்கள் வெறும் பளிங்கின்மீதே முழந்தாளிட்டு ஏறினர். தலைமுறை தலைமுறையாக வந்தோர் தேய்த்த குழிவுகள் படிகளில் ஆழப் பதிந்திருந்தன. அவற்றைச் சமன்செய்து மின்ன வைக்க எவரும் எண்ணவில்லை. சமன்செய்திருந்தால் அழகான பளிங்குப் படிகள் கிடைத்திருக்கும். மன்றாடியவர்களின் தடம் போயிருக்கும்.

நம் வீட்டிலும் அத்தகைய இடங்கள் உண்டு. வாசற்படியின் நடுவில் விழுந்த பள்ளம், செப மாலைக்கு அமரும் மூலை, பாட்டி காலை நீட்டி உட்கார்ந்து கீரை ஆய்ந்த இடம். கழுவ வேண்டியது எது, தேய்க்க வேண்டியது எது, தொடாமல் விடவேண்டியது எது என்று பிரித்தறிவதற்கு ஒரு நிதானம் வேண்டும்.

மற்றொன்றையும் எண்ண வேண்டும். குளியலறை வாசலிலும் முற்றத்திலும் கண்ணாடிபோல் மின்னும் தளம், ஈரம் பட்டால் முதியோரைச் சாய்த்துவிடும். இடுப்பெலும்பு முறிந்த முதியவர் பலர் பிறகு எழுந்து நடப்பதே இல்லை. விருந்தினர் கண்ணுக்காக நாம் வாங்கும் பளபளப்புக்கு வீட்டுத் தாத்தா தம் நடையைக் கொடுக்க நேரலாம். 400 எண் கல்லோடு நிறுத்தினால் தளம் மென்மையாகவும் மங்கல் நீங்கியும் இருக்கும்; வழுக்கலும் குறையும். அதனோடு நிறைவு கொள்வதில் குறைவொன்றும் இல்லை.

தூசியை உண்பவர்

இனி, நாம் எளிதில் மறந்துவிடும் இழப்புக்கு வருவோம். பெயர்ந்த கல் எல்லாம் சேறாகிவிடுவதில்லை. தண்ணீர் ஊற்றாமல் தேய்த்தால் அது தூசியாகிக் காற்றில் நிற்கிறது. அருகில் குனிந்து நிற்பவரின் நெஞ்சுக்குள் போகிறது. தூய பளிங்கில் சிலிக்கா குறைவு. ஆனால் கிரானைட்டிலும், மணற்கல்லிலும், மணல் கலந்த சிமெண்டு இணைப்புகளிலும் அது மிகுதி. கண்ணுக்கே தெரியாத அத்துகள்கள் நுரையீரலின் அடிவரை சென்று தங்கி, அதை வடுவாக்கி இறுக்குகின்றன. சிலிக்கோசிஸ் என்னும் இந்நோய்க்குக் குணமாக்கும் மருந்து இல்லை. காசநோய்க்கும் அது வழிவிடுகிறது. படிகச் சிலிக்காத் தூசி மனிதருக்குப் புற்றுநோய் விளைவிக்கக்கூடியது என்று 1997-இல் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் வகைப்படுத்தியது. சிலிக்கா மிகுந்த செயற்கைக் கல்லை வெட்டிய இளைஞர்கள் இந்நோய்க்கு ஆளானதைக் கண்ட ஆஸ்திரேலியா, 2024 சூலை 1 முதல் அக்கல்லையே தடை செய்தது.

இது புதிய அறிவும் அன்று. 1700-ஆம் ஆண்டில் தொழிலாளர் நோய்கள் பற்றி நூல் வெளியிட்ட இத்தாலிய மருத்துவர் பெர்னார்டினோ ராமசினி, கல் வெட்டுவோரின் நெஞ்சில் மணல் சேர்வதைப் பற்றி எழுதினார். நோயாளியிடம் மருத்துவர் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளோடு, அவர் செய்யும் தொழில் என்ன என்பதையும் கேட்க வேண்டும் என்று வலியுறுத்தியவர் அவர்.

1891-ஆம் ஆண்டில் இரு நிகழ்ச்சிகள் நடந்தன. அமெரிக்காவில் எட்வர்ட் ஆச்சிசன் என்பவர் மின் உலையில் கார்பரண்டம் என்னும் பொருளை உருவாக்கினார். கல்லைத் தேய்க்கும் தொழில் அதனால் மிக எளிதாயிற்று. அதே ஆண்டு மே 15-ஆம் நாள் திருத்தந்தை 13-ஆம் சிங்கராயர் 'ரேரும் நோவாரும்' சுற்றுமடலை வெளியிட்டார். தொழிலாளியின் உடல் தாங்காத வேலையை அவர்மீது சுமத்தலாகாது என்றும், நியாயமான கூலியை மறுப்பது பெரும் பாவம் என்றும் அதில் கற்பித்தார். இவ்விரண்டிற்கும் தொடர்பு ஏதுமில்லை. ஆயினும் ஒன்று கல்லைத் தேய்க்கும் கருவியைத் தந்தது. மற்றொன்று கருவியைப் பிடித்திருக்கும் மனிதரை நினைவூட்டியது. முதலாவது நம் வீடுகளுக்குள் நன்றாகவே வந்துவிட்டது. இரண்டாவது வந்துவிட்டதா?

ஆலைகளுக்குச் சட்டம் உண்டு, ஆய்வாளர் உண்டு என்று ஆறுதல் கொள்ளலாம். 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம், கண்டறிந்தவுடன் அறிவிக்கப்பட வேண்டிய நோய்களில் ஒன்றாகச் சிலிக்கோசிஸைச் சேர்த்தது. ஆனால் நம் வீட்டுக் கூடத்துக்கு எந்த ஆய்வாளரும் வருவதில்லை. அங்கே பாலீஷ் இயந்திரம் ஓடும் இரண்டு நாள்களுக்கு முதலாளியும் நாமே, ஆய்வாளரும் நாமே. "இரண்டு நாள் வேலைதானே, அதில் என்ன ஆகிவிடும்?" என்று நமக்குத் தோன்றும். நமக்கு அது இரண்டு நாள். அவருக்கோ ஒவ்வொரு வீட்டிலும் அந்த இரண்டு நாள்கள் சேர்ந்துதான் ஆண்டு முழுவதும் ஆகிறது. நாம் அந்த நேரத்தில் சன்னலைச் சாத்திவிட்டு அடுத்த வீட்டில் போய் அமர்ந்துகொள்கிறோம். அவரோ ஒரு துண்டை மூக்கில் கட்டிக்கொண்டு உள்ளே நிற்கிறார். நுண்ணிய தூசியைத் துண்டு தடுக்காது.

"அவராக விரும்பி வந்த தொழில்தானே?" என்று கேட்கலாம். விரும்பி வந்தாரா, வேறு வழியின்றி வந்தாரா என்பதை நாம் அறியோம். விரும்பியே வந்திருந்தாலும், தண்ணீர் ஊற்றித் தேய்த்தால் வேலை மெதுவாகும், சேறு வழிக்க ஆள் வேண்டும், கூலி கூடும் என்பதால் உலர்வாகத் தேய்க்கச் சொன்னது யாருடைய விருப்பம்? திருவிழாவுக்குள் முடித்தாக வேண்டும் என்று நெருக்கியது யாருடைய அவசரம்?

வீடு அழகாக இருக்க வேண்டும் என்னும் ஆசை குற்றமன்று. உழைத்து வாங்கிய கல்லை வீணாக்காமல் மீட்பது, அதைப் பெயர்த்தெறிந்து புதிதாய் வாங்குவதைவிட எவ்வளவோ நல்லது. ஒளி வேண்டுமாயின் இழப்பு உண்டு என்பதையும் நாம் மாற்ற இயலாது. அந்த இழப்பு கல்லோடும் நம் பணப்பையோடும் நிற்கிறதா, மற்றொருவர் மூச்சுவரை போகிறதா என்பது மட்டும் நம் கையில் இருக்கிறது. முந்தியது நாம் கொடுக்கும் விலை. பிந்தியது நாம் பறிக்கும் விலை.

ஆகவே செய்யத்தக்கவை சிலவே. வாசலில் ஒரு நல்ல மிதியடியை இட்டு, மணலை உள்ளே வருமுன் நிறுத்துவோம். நாள்தோறும் மெல்லிய துடைப்பத்தால் பெருக்குவோம். அமிலத்தைத் தளத்தில் ஊற்றாதிருப்போம். இவ்வளவு செய்தாலே தேய்க்கும் தேவை பல ஆண்டுகள் தள்ளிப்போகும். தேய்த்தே ஆகவேண்டும் என்றால், தண்ணீர் ஊற்றித் தேய்க்கச் சொல்வோம். தூசியைத் தடுக்கும் தரமான முகக்கவசத்தை நாமே வாங்கி வைப்போம். சன்னல்களைத் திறந்து வைப்போம். சேற்றைக் கிணற்றடியிலோ சாக்கடையிலோ விடாமல் ஓரிடத்தில் உறைய விட்டு அப்புறப்படுத்துவோம். வேலைக்கு வருபவர் தம் கூலியைச் சொல்லும்போது, ஈரமாகத் தேய்ப்பதற்கு எத்தனை நாள் கூடுதலாகும் என்று நாமே கேட்போம். அந்த நாள்களுக்கும் சேர்த்து, பேரம் பேசாமல் கொடுப்போம்.